இளையோரும் சமயப் புனைகதையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்கும்போது சிறியதாகத் தோன்றலாம். பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் கையில், இறைநம்பிக்கையையும் வாழ்வின் மாறுதல்களையும் பற்றிய கதைநூல் ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால், எத்தகைய நூலைக் கொடுப்பது என்பதே அப்பொருள். கிறித்தவ இல்லங்களையும் கிறித்தவர் எழுதிய கதைகளையும் முன்வைத்தே பேசப் போகின்றோம். ஆயினும், எச்சமயத்தைச் சார்ந்த இல்லத்திலும் இக்கேள்வி ஒருநாள் எழத்தான் செய்யும். பிள்ளை வளர்கிறது, அதன் கேள்விகளும் வளர்கின்றன. நாமோ பழைய விடைகளையே கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றோம்.

முதலில் நம்முடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று.

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் நாம் பல்லாண்டுகளாக இருந்து வருகின்றோம். தில்லியில் நம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் பூவாரைச் சேர்ந்தவர். சில மாத நோய்க்குப் பின் அவர் காலமானார். அவருடைய மனைவியார் பதினைந்து வயது மகளை அழைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அச்சிறுமி தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் கற்பிக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் அந்நகரில் உண்டு. அவள் படித்தது அவற்றுள் ஒன்றன்று. ஆகவே தமிழ் அவளுக்குப் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். புதிய ஊரில் பள்ளியைச் சுற்றி ஒலிப்பது மலையாளம். தந்தையையும் ஊரையும் தோழியரையும் ஓராண்டுக்குள் இழந்த பிள்ளை அவள்.

அவளைக் காணச் சென்றபோது வெறுங்கையோடு போகலாகாது என்று எண்ணி, தில்லியில் ஒரு கடையில் இளையோருக்கான கிறித்தவ நாவல் ஒன்றை வாங்கிச் சென்றோம். அமெரிக்காவில் எழுதப்பட்ட நூல். அட்டை அழகாயிருந்தது, பின்னட்டையில் நம்பிக்கை, மாற்றம், புதுவாழ்வு என்னும் சொற்கள் இருந்தன. முதல் இரண்டு இயல்களைப் படித்துப் பார்த்தோம். நோயுற்ற தந்தை, ஐயமுற்ற மகன். பொருத்தமான கதை என்று எண்ணி வாங்கிவிட்டோம். கடைசிவரை படிக்கவில்லை.

மறுநாட்காலையில் அச்சிறுமி அந்நூலைக் கொண்டுவந்து நம் முன் வைத்தாள். "மாமா, இதில் அந்தப் பையன் முழங்காலிட்டு ஜெபம் செய்கிறான், அவனுடைய அப்பாவுக்குச் சுகமாகிவிடுகிறது. நானும் ஜெபம் செய்தேன்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நேயர்களே, நாள்தோறும் சொற்களோடே புழங்குகின்றவர்கள் நாம். அன்று நமக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அவள் சில வாரங்களாகக் கோயிலுக்கு வர மறுக்கிறாள் என்பதையும், கேட்டால் வாய்திறப்பதில்லை என்பதையும் அவளுடைய தாயார் பிறகு நம்மிடம் கூறினார். நாம் கொடுத்த நூல் அந்த மௌனத்தின்மேல் மற்றொரு தாழ்ப்பாளை இட்டுவிட்டது.

இனி அவ்வூரைப் பற்றிச் சில சொற்கள். நெய்யாறு கடலோடு கலக்குமிடம் பூவார். ஒருபுறம் ஆறு, ஒருபுறம் கடல், இடையே மணல்திட்டு, கரையெங்கும் தென்னை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை வட்டத்தில் இவ்வூர் உள்ளது. கிழக்கே பாறசாலை, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் விளவங்கோடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை இவை யாவும் திருவிதாங்கூர் மரபில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று தமிழர் தரப்பில் கோரிக்கை இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. நேயர்களாகிய நீங்கள் வேலை தேடியோ மாற்றலாகியோ வேற்று மாநிலம் சென்றீர்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களோ இருந்த வீட்டில் இருந்தபடியே வேற்று மாநிலத்தார் ஆயின. பாட்டி தமிழில் வேதம் படிப்பாள். பேரப்பிள்ளை மலையாளத்தில் பாடம் படிக்கும். ஒரே திண்ணையில் இரண்டு எழுத்துகள்.

சமயம் கதையாகவும் மனப்பாடமாகவும் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த வரலாறு இக்கரைக்கு மிகப் பழமையானது. 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் பூவார் தொடங்கித் தெற்கே பள்ளம் வரையுள்ள கடலோர ஊர்களில் முக்குவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அதற்கு முன்பே அவர் முத்துக்குளித்துறையில் மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றைச் சிறுவர்க்குக் கற்பித்து, அச்சிறுவரைக் கொண்டே வீட்டிலுள்ள பெரியோர்க்குக் கற்பிக்கச் செய்தவர். பிள்ளைகள் அன்று ஆசிரியர்களாயிருந்தனர் என்பது கருதத்தக்கது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1586ஆம் ஆண்டில் புனிதர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் அவர் வெளியிட்டார். மந்திரத்தை மட்டும் அறிந்தால் போதாது, மந்திரத்தை நம்பிய மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் அறிய வேண்டும் என அவர் உணர்ந்திருக்க வேண்டும். கதையின் பயன் அங்கே தொடங்குகிறது.

பின்னர் 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து இலண்டன் மிஷன் சங்கத்தார் தென் திருவிதாங்கூரில் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் அமைத்தனர். நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை ஆகியவை அவர்தம் பணிக்களங்கள். அவ்வச்சுக்கூடத்திலிருந்து வேதப்பகுதிகளும் துண்டு நூல்களும் தமிழில் வெளிவந்து சிற்றூர்களிலும் பரவின.

அக்காலத்துச் சமயக் கதைகளில் மூன்று வகைகளை நாம் காண்கின்றோம். அவற்றைச் சிறிது ஆராய்ந்தால், நம்முடைய பிழை எங்கே நேர்ந்தது என்பது விளங்கும்.

முதல் வகை பயணக் கதை. ஜான் பனியன் 1678ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை இதற்குத் தலையாய சான்று. முதுகிற் சுமையோடு ஒருவன் புறப்படுகிறான்; சேற்றில் விழுகிறான்; சிறைப்படுகிறான்; நம்பிக்கை இழக்கிறான்; மீண்டும் நடக்கிறான். இக்கதையைத் தழுவித் தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894ஆம் ஆண்டில் வெளியிட்டவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவர் 1827ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858ஆம் ஆண்டில், முப்பது வயதைக் கடந்தபின், கிறித்தவரானவர். தம் வாழ்வில் நேர்ந்த மாறுதலை முப்பதாண்டுகளுக்கும் மேலாக நெஞ்சில் ஊறவைத்த பின்னரே அவர் காப்பியமாகத் தந்தார். மாறுதல் ஒருநாட் செய்தியன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இரண்டாம் வகை, நல்லாரையும் அல்லாரையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் இல்லறக் கதை. கல்கத்தாவில் வாழ்ந்த ஹன்னா கேதரின் மல்லன்ஸ் அம்மையார் 1852ஆம் ஆண்டில் வங்க மொழியில் எழுதிய 'புல்மணியும் கருணாவும்' இவ்வகையது. இவரும் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த குடும்பத்தவர். வீட்டைச் சீராகப் பேணும் புல்மணி ஒருத்தி. பேணத் தெரியாத கருணா மற்றொருத்தி. இக்கதை 1858ஆம் ஆண்டிலேயே மலையாளத்தில் பெயர்க்கப்பட்டது. இக்கதையில் அக்காலத்து ஏழை மகளிரின் வாழ்க்கை கண்முன் தெரிகிறது. அது பெரும் பயன். ஆனால் இவ்வகைக் கதைகளில் எவள் தேறுவாள், எவள் தேறமாட்டாள் என்பது முன்னரே முடிவாகிவிடுவதுண்டு. பிற்காலத்தில் இதைப் பார்த்து எழுதப்பட்ட சிறு நூல்கள் எண்ணற்றவை. நாம் தில்லியில் வாங்கிய நாவலும் இம்மரபின் கொள்ளுப்பேத்தியே. நம்பினால் கிடைக்கும், நம்பாவிட்டால் கிடைக்காது, கதை அவ்வளவே.

மூன்றாம் வகை, நம்பிக்கை ஒரு மனிதனிடம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் காட்டும் கதை. கோட்டயத்தில் வாழ்ந்த காலின்ஸ் அம்மையார் ஆங்கிலத்தில் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் கணவரால் நிறைவு செய்யப்பட்டு, பின்னர் மலையாளத்தில் 'காதகவதம்' என வழங்கிய கதையை இங்கே சொல்லலாம். செல்வம் மிக்க கிறித்தவ நிலக்கிழார் ஒருவரின் கொடுஞ்சினத்தால் புலையர் குலத்து முதியவர் ஒருவரின் பேரப்பிள்ளை இறந்துபோகிறது. முதியவரும் கிறித்தவரே. அவர் அந்நிலக்கிழாரை மன்னிக்கிறார். கதையின் கருவே அதுதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்; அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எழுந்த கதை இது. இதில் இறந்த பிள்ளை எழுந்து வருவதில்லை என்பதை நேயர்கள் கருதுக. நம்பிக்கை அம்முதியவரின் இழப்பைத் திருப்பித் தரவில்லை. இழந்தவர் எத்தகைய மனிதராக எஞ்சினார் என்பதையே கதை சொல்கிறது.

இவ்வகையில் இளையோரை நேரே நோக்கிப் பேசுவது 'சகுணா'. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862ஆம் ஆண்டில் அகமத்நகரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் அப்படிப்பை நிறுத்திக்கொண்டு, முப்பத்திரண்டு வயதிலேயே 1894ஆம் ஆண்டில் மறைந்தவர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நாவல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் 1887, 1888ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது. பெரும்பகுதி அவருடைய சொந்த வாழ்க்கையே. படிக்க விரும்பும் பெண்பிள்ளை ஒருத்தி, தன் வீட்டின் சமயத்துக்கும் தன் நாட்டின் மரபுக்கும் தன் உள்ளத்தின் வேட்கைக்கும் இடையே வழிதேடுகிறாள். அன்பு மிகுந்த தமையனை நோய்க்குப் பறிகொடுக்கிறாள். அவள் கேட்கும் கேள்விகளுக்காக ஆசிரியர் அவளைத் தண்டிப்பதில்லை.

பூவாரிலிருந்து தில்லி திரும்பும் மூன்றுநாட் பயணத்தில் நாம் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தோம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, அவள் மொழியில், அவள் மண்ணின் கதையாக, பொய்யுரைக்காத நூல் ஒன்று வேண்டும். அது எங்கே உள்ளது?

அது அவள் இருக்கும் ஊருக்கு மிக அருகிலேயே எழுதப்பட்டிருந்தது. 'புத்தம் வீடு' என்பது அதன் பெயர். எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன்.

ஹெப்சிபா அம்மையார் 1925ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்தவர். குமரி மாவட்டக் குடும்பத்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றினார். அவருடைய கணவர் பேராசிரியர் ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பித்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'புத்தம் வீடு' 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'டாக்டர் செல்லப்பா', 'அநாதை', 'மா-னீ' ஆகியவை அவருடைய பிற நாவல்கள். அவர் 2012ஆம் ஆண்டில் மறைந்தார்.

'புத்தம் வீடு' இளையோருக்கென்றே எழுதப்பட்டதன்று. சமயத்தைப் பரப்புவதற்காக எழுதப்பட்டதும் அன்று. ஆயினும் அதன் நாயகி லிஸி என்னும் சிறுமி. அவள் சிறுமியாயிருந்து பெண்ணாக வளரும் ஆண்டுகளே கதை. பனைவிளை என்னும் சிற்றூர். ஒருகாலத்தில் செழித்து, இப்போது நொடித்துப்போன வீடு. பெருமை மட்டும் குறையாமல் இருக்கிறது. கண்ணப்பச்சி என்னும் முதியவர் அவ்வீட்டுத் தலைவர். லிஸியின் தந்தை குடிக்கு அடிமையானவர். வயதுக்கு வந்ததும் லிஸியின் பள்ளிப்படிப்பு நின்றுவிடுகிறது. வீட்டுச் சுவர்களுக்குள் அவள் உலகம் சுருங்குகிறது. அவ்வீட்டுப் பனைகளில் ஏறிப் பிழைக்கும் பனையேறியின் மகன் தங்கராஜின்மேல் அவளுக்கு அன்பு உண்டாகிறது. ஒரே சமயத்தவர், ஒரே இனத்தவர். எனினும் பனையை உடையவனுக்கும் பனையில் ஏறுகிறவனுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. பின்னர் அக்குடும்பத்தில் ஒரு கொலை நேர்கிறது. பழி தங்கராஜின்மேல் விழுகிறது. அதற்குமேல் நாம் சொல்லப் போவதில்லை. நேயர்களே படித்தறிதல் நலம்.

இந்நாவலில் கோயில் உண்டு, ஜெபம் உண்டு, வேதம் உண்டு. அவை அவ்வூரில் பனையும் கருப்பட்டியும் இருப்பதுபோலவே இருக்கின்றன. கடவுளை நம்புகிற மனிதர் பொறாமையும் கொள்கின்றனர். கோயிலுக்குப் போகிறவர் ஏழையை இழிவாகவும் பார்க்கின்றனர். லிஸியின் நம்பிக்கையை ஆசிரியர் எங்கும் மேடையேற்றவில்லை. துன்பத்தை வாய்பேசாமல் தாங்குவதிலும், பிறர் பழிக்கும்போது தான் அன்பு கொண்டவனைக் கைவிடாமையிலும் அது வெளிப்படுகிறது. பேச்சு முழுவதும் அம்மண்ணின் தமிழ். பேராசிரியர் ஒருவர் எழுதிய நூல் என்னும் நினைவே படிப்போர்க்கு வாராது.

அந்நூலை வாங்கி, இம்முறை கடைசிப் பக்கம்வரை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு, பூவாருக்கு அஞ்சலில் அனுப்பினோம். உடன் ஒரு கடிதமும் வைத்தோம். "முன்பு கொடுத்த நூலை நான் முழுதும் படிக்காமலே கொடுத்துவிட்டேன், என்னைப் பொறுத்துக்கொள். இதைப் படித்தேன். பிடித்தால் படி, பிடிக்காவிட்டால் அம்மச்சியிடம் கொடு," என்று அதில் எழுதியிருந்தோம்.

அடுத்த விடுமுறையில் நாம் அங்கே சென்றபோது நிகழ்ந்தவற்றை அச்சிறுமியின் தாயார் சொல்லக் கேட்டோம்.

சிறுமி அந்நூலைத் திறந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி இரண்டு பக்கம் படிப்பதற்குள் களைத்துப்போய் வைத்துவிட்டாள். அதைக் கையிலெடுத்தவர் அம்மச்சி. எண்பதை நெருங்கும் அம்மூதாட்டி விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வேதத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் தவிர வேறொரு நூலை அவர் பல்லாண்டுகளாகத் தொட்டதில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேதம் படிக்கின்ற அதே குரலில், உரக்கப் படிக்கத் தொடங்கினார். அவருக்கு உரக்கப் படித்துத்தான் பழக்கம். சிறுமி அடுத்த அறையில் இருந்தபடியே கேட்டாள். மூன்றாம் நாள் வாயிற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

லிஸியின் பள்ளிப்படிப்பு நின்றுபோகும் இடம் வந்தபோது அம்மச்சி படிப்பதை நிறுத்திவிட்டாராம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "என்னையும் இப்பிடித்தான் நிப்பாட்டினாங்க, மக்களே. எட்டு முடிக்கல்ல. அழுதேன். ஜெபமும் பண்ணினேன்," என்றார்.

"பிறகு?" என்று கேட்டாள் சிறுமி. பல வாரங்களுக்குப் பின் அவள் தானாகக் கேட்ட முதற்கேள்வி அது என்றார் தாயார்.

"பிறகென்ன? நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான்."

"அப்படியானால் ஏன் இன்னும் ஜெபம் செய்கிறீர்கள்?"

மூதாட்டி உடனே விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "கெத்சமனேயில ஆண்டவரு கேட்டதும் கிடைக்கல்லியே, மக்களே. அந்தப் பாத்திரம் நீங்கல்ல. பிதா கிட்ட பேசுகதையும் அவரு நிப்பாட்டல்ல," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படிக்கலானார்.

நேயர்களே, நாம் மூன்றுநாட் பயணத்தில் ஆராய்ந்து கண்டதையெல்லாம் அம்மூதாட்டி மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். கிறித்தவ சமயத்தின் நடுவிலே நிற்கும் கதையே, கேட்டது கிடைக்காத ஒரு ஜெபத்தின் கதை. யோபுவின் கதையில் அவனைக் காணவந்த நண்பர்கள் ஏழு இரவும் ஏழு பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைபட்டனர். வேதமே இவ்வளவு துணிவோடு பேசும்போது, நம் பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் சில கதைகள் மட்டும் ஏன் அஞ்சி அஞ்சி இனிப்பை நீட்டுகின்றன? பிள்ளைகள் ஏமாறமாட்டார்கள். துன்பத்தைக் கண்ட பிள்ளை முதற்பக்கத்திலேயே பொய்யை அறிந்துகொள்ளும்.

எனினும் இனிய முடிவுடைய கதைகள் யாவும் தீயவை என்று நாம் சொல்லவில்லை. நோய் தீர்வதும் உண்டு. பிரிந்தவர் கூடுவதும் உண்டு. அவற்றைப் பாடும் கதைக்கும் இடமுண்டு. ஆனால் நற்பயனை நம்பிக்கைக்குக் கூலியாகக் காட்டும் கதை, பயன் கிடைக்காத பிள்ளையிடம் "உன் நம்பிக்கை போதவில்லை" என்று சொல்லாமற் சொல்கிறது. அச்சொல்லைத் தாங்கும் வயது பதினைந்தன்று. எந்த வயதும் அன்று.

அந்நூலை அவர்கள் எவ்வாறு முடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மச்சியின் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. மாலை வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாமற் போகவே, பாதிக்குமேல் சிறுமி படிக்க, அவர் கேட்டார். அவள் தடுமாறும் இடங்களில் அவர் அச்சொல்லை எடுத்துக் கொடுத்தார். பனைவிளையின் பேச்சுத்தமிழ் தில்லியில் வளர்ந்த அவளுக்குப் புதிது. அம்மச்சிக்கோ அது பிறந்தகத்துப் பேச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை சொன்னார். இறுதிப் பக்கத்துக்கு வருவதற்குள் அச்சிறுமி தமிழ் படிக்கக் கற்றிருந்தாள். அதற்கென்று யாரும் அவளை உட்காரவைக்கவில்லை.

அவள் கோயிலுக்குப் போகிறாளா என்று கேட்பீர்கள். நாமும் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மச்சியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறாள். அவருக்காக வேதவசனத்தைத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டுகிறாள். ஜெபவேளையில் கண்ணை மூடுவதில்லை என்றார் தாயார். அம்மச்சி அதைக் கண்டுகொள்வதில்லையாம். நாமும் அதைப்பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் வழி இன்னும் நீண்டது. கிருஷ்ண பிள்ளைக்கு முப்பதாண்டுகள் ஆயின அன்றோ?

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்க்கு, பட்டறிவால் நாம் சொல்லக்கூடியவை சிலவே.

ஒன்று: பிள்ளைக்குக் கொடுக்கும் கதையை நீங்கள் முதலில் கடைசிவரை படியுங்கள். பின்னட்டையை நம்பிக் கொடுக்காதீர்கள். அதன் முடிவு உங்கள் பிள்ளையின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு: துன்புற்ற பிள்ளைக்கு நூல் கொடுத்தபின், அதிலிருந்து என்ன கற்றாய் என்று கேளாதீர்கள். கதை தேர்வுத்தாள் அன்று. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

மூன்று: தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளை என்று கைவிட வேண்டா. உரக்கப் படித்துக் காட்டுங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் உங்கள் வீடுகளில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கக்கூடும். அவருக்கு அந்நகரத்தின் பலகைகள் புரியா. பேரப்பிள்ளையின் பாடநூலும் புரியாது. தாம் பயனற்றவர் என்று அவரே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். அவர் கையில் ஒரு கதையைக் கொடுத்துப் பாருங்கள்.

நாம் புறப்பட்ட அன்று மாலை, பொழிமுகத்தருகே அச்சிறுமி நம்மோடு நடந்து வந்தாள். நாம் முதலில் கொடுத்த அமெரிக்க நாவலை என்ன செய்தாய் என்று கேட்டோம். "வைத்திருக்கிறேன் மாமா," என்றாள். "அதில் அந்த அப்பா நன்றாக இருக்கிறார். சில நாளைக்கு அது மட்டும் படிப்பேன்."

இதற்கும் நம்மிடம் விடையில்லை. ஆயினும் இம்முறை அந்த மௌனம் நம்மை வருத்தவில்லை.